அறுபத்து நான்கு ஆடல்களின் ஊர்

அனிமே பார்க்கும் தமிழ் இளைஞர்களிடையே ஓயாமல் நடக்கும் வழக்கு ஒன்று உண்டு: எந்தத் தொடரைத் தலைசிறந்தது என்று சொல்வது? ஓவியத்தின் நேர்த்தியைச் சிலர் முன்வைக்கிறார்கள். சண்டைக் காட்சிகளின் வேகம் என்கிறார்கள் சிலர். கதையைக் கடைசி எபிசோடில் எப்படி முடித்தார்கள் என்பதுதான் எல்லாம் என்பது இன்னும் சிலரின் கட்சி. எதுவும் தவறில்லை; ஆனால் இந்த மூன்றையும் வைத்து ஒரு திரைப்படத்தையும் எடை போட்டுவிடலாம். தொடர் என்ற வடிவத்துக்கே உரிய அளவுகோல் தனியாக இருக்க வேண்டும். தவணை தவணையாகச் சொல்லப்படும் கதையில் ஒவ்வொரு தவணையும் தன்னளவில் நிறைவு பெற வேண்டும். அது முடிந்த பிறகு கதையின் உலகம் பழையபடியே இருந்துவிடவும் கூடாது. ஒரு வடுவோ, ஒரு வரமோ, ஓர் ஆறோ அங்கே மிச்சமாக நிற்க வேண்டும். அப்படி நின்றவையெல்லாம் சேர்ந்து, நாயகனைவிட அவன் நடமாடும் இடம் பெரிதாகிவிடும் தொடரே தலைசிறந்தது என்பது என் வாதம். இதற்குச் சான்று தேட ஜப்பான் வரை போக வேண்டியதில்லை. மதுரை பல நூற்றாண்டுகளாக ஒரே தொடரைப் பாடியும் செதுக்கியும் வரைந்தும் வீதியில் நடித்தும் வந்திருக்கிறது. சொக்கநாதரின் 64 திருவிளையாடல்களைத்தான் சொல்கிறேன்.

இந்தத் தொடர் ஒரே கையால், ஒரே மூச்சில் எழுதப்பட்டதன்று. கடல் மீது வேல் எறிந்த பாண்டியனையும், இந்திரன் முடிமேல் வளை எறிந்த பாண்டியனையும் சிலப்பதிகாரமே அறியும். தருமிக்குப் பொற்கிழி கிடைத்த செய்தி 7ஆம் நூற்றாண்டில் அப்பரின் தேவாரத்தில் இருக்கிறது. நரி பரியானதையும் இறைவன் மண் சுமந்ததையும் மாணிக்கவாசகர் திருவாசகத்தில் பாடியிருக்கிறார். கல்லாடம் இன்னும் பல ஆடல்களைக் குறிப்பிடுகிறது. உதிரியாகக் கிடந்த இவற்றை 64 என்ற எண்ணுக்குள் அடக்கித் தமிழில் முதலில் நூலாக்கியவர் பெரும்பற்றப்புலியூர் நம்பி. உ.வே.சாமிநாதையர் 1906இல் பதிப்பித்த திருவாலவாயுடையார் திருவிளையாடற் புராணம் அதுதான். அதற்குச் சில நூற்றாண்டுகள் பிந்தி வந்த பரஞ்சோதி முனிவர், வடமொழியின் ஆலாசிய மாகாத்மியத்தைத் தழுவி, வேறொரு வரிசையில் அதே 64 ஆடல்களை மறுபடி பாடினார். இன்று மதுரை அறிந்த திருவிளையாடல் பரஞ்சோதியாருடையது. ஒரே கதையை இரண்டு முறை தொடராக்குவதும், இரண்டாவது நிலைத்து நிற்பதும் அனிமே ரசிகர்களுக்குப் பழக்கமானவையே. ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ 2003இல் 51 எபிசோடுகளாக வந்தபோது மூலக் கதை இன்னும் முடியவில்லை. தொடர் தன் போக்கில் ஒரு முடிவைத் தேடிக்கொண்டது. 2009இல் ‘பிரதர்ஹுட்’ என்ற பெயரோடு மூலத்தைப் பின்பற்றி மறுபடி எடுத்தார்கள். அதுவும் தற்செயலாக 64 எபிசோடுகள்.

எண் ஒன்றாக இருப்பதில் பெரிய விஷயம் இல்லை. அந்த எண்ணை எப்படிப் பிரித்தார்கள் என்பதில்தான் கலை இருக்கிறது. பரஞ்சோதியார் மதுரைக் காண்டத்தில் 18, கூடற் காண்டத்தில் 30, திருவாலவாய்க் காண்டத்தில் 16 என்று மூன்று சீசன்களாக வகுத்தார். ஒவ்வொரு காண்டமும் நகரத்தின் பெயர் ஒன்றைத் தாங்குகிறது. இரண்டாம் காண்டத்தின் முதல் படலம் நான்கு மேகங்கள் மாடங்களாகிக் கூடி நகரைக் காத்த கதை. மூன்றாம் காண்டத்தின் முதல் படலம் பாம்பு தன் உடலால் வளைத்து நகரத்தின் எல்லையை அளந்து காட்டிய கதை. சீசன் தொடங்கும்போதெல்லாம் ஊர் ஒருமுறை புதிதாகப் பிறக்கிறது. பாண்டியர்கள் ஒருவர் பின் ஒருவராக மாறிக்கொண்டே போகிறார்கள். அடியார்களும் புலவர்களும் வந்து மறைகிறார்கள். கதை ஊரைவிட்டு நகர்வதேயில்லை. 64 படலங்களுக்கும் தொடர்ச்சி தருவது வம்ச வரலாறு என்று தோன்றலாம். ஆனால் பல படலங்களில் அரசன் பெயருக்குத்தான் வந்து நிற்கிறான். தொடர்ச்சி முழுவதையும் சுமப்பது இடம்.

வைகையைப் பாருங்கள். ஏழாம், எட்டாம் படலங்களில் மீனாட்சியாகிய தடாதகைப் பிராட்டியின் திருமண விருந்து முடிந்து உணவு மலைபோல் மிஞ்சுகிறது. குண்டோதரன் என்னும் பூதம் அத்தனையும் தின்றும் பசி அடங்காமல் தவிக்கிறது. அன்னக்குழிகள் வருகின்றன, பசி தீர்ந்ததும் தாகம் வருகிறது, தாகத்துக்காக வைகை வரவழைக்கப்படுகிறது. அந்தப் படலத்தில் ஆறு ஒரு பூதத்தின் தாகத்துக்கான விடை, அவ்வளவுதான். கதை முடிந்தது, ஆறு மட்டும் இருந்துவிட்டது. 53 படலங்கள் கழித்து, 61ஆம் படலத்தில், அதே ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வருகிறது. வீட்டுக்கு ஓர் ஆள் கரையடைக்க வர வேண்டும் என்று ஆணை பிறக்கிறது. ஆளில்லாத புட்டு வாணிச்சி வந்திக்குக் கூலியாளாக இறைவன் மண் சுமக்கிறான். கலியாண வீட்டில் பிறந்த ஆறு ஒரு கிழவியின் வாசல்வரை வந்து சேர இத்தனை கதைகள் தேவைப்பட்டிருக்கின்றன. இந்தப் பொறுமை தனிக்கதை எழுதுபவருக்குக் கிடைக்காது. தொடருக்கு மட்டுமே வாய்ப்பது அது.

ஆறு மட்டுமா? தடாதகையின் தாய் காஞ்சனமாலைக்குக் கடலாட ஆசை வந்ததால் ஏழு கடலும் ஒரு வாவிக்கு வந்தன. கோயிலின் கிழக்கே ஏழுகடல் தெரு இன்றும் அந்தப் பெயரோடு இருக்கிறது. மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் திடீரென எழும் தனிக்குன்றுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மேலூர்ச் சாலையில் படுத்த யானை போலக் கிடக்கும் ஒற்றைப் பாறை, 22ஆம் படலத்தில் நகரை அழிக்க ஏவப்பட்டு அம்புபட்டு விழுந்த யானை. மேற்கே நீண்டு வளைந்து ஓடும் நாகமலை, 28ஆம் படலத்துப் பாம்பு. பசுமலை, 29ஆம் படலத்து மாயப் பசு. வயலில் நின்று நிமிர்ந்து பார்க்கும் உழவருக்கும், பேருந்து ஜன்னல் வழியாகப் பார்க்கும் பயணிக்கும் தொடரின் மூன்று எபிசோடுகள் அடிவானத்தில் தெரிகின்றன. தன் உலகத்தை இவ்வளவு அழுத்தமாக நிறுவிய தொடர் வேறெதையும் நான் அறியேன். தேர்ந்த அனிமே தொடர்கள் திரைக்குள்ளே செய்ய முயல்வதை இது நிலத்தின் மேலேயே செய்துவிட்டது.

நாயகன் விஷயத்திலும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. சொக்கன் தன் உருவத்தில் வருவது அரிது. மாணிக்கம் விற்கும் வணிகன், எல்லாம் வல்ல சித்தர், வாள் வித்தை ஆசான், வளையல் செட்டி, விறகு சுமப்பவன், சிறுவனுக்காக வழக்காட வரும் மாமன், வலை வீசும் செம்படவன், குதிரை வணிகன், கடைசியில் கூலியாள். பெரும்பாலான வேடங்கள் கடைவீதியிலும் ஆற்றங்கரையிலும் பிழைப்பவர்களுடையவை. ஒவ்வொரு முறையும் அடையாளம் தெரியாமல் வர வேண்டும், ஒருவரின் இக்கட்டைத் தீர்க்க வேண்டும், தெரிந்ததும் மறைந்துவிட வேண்டும். 2005இல் தொடங்கிய ‘முஷிஷி’யின் 26 எபிசோடுகளிலும் கின்கோ என்னும் நாடோடி மருத்துவன் ஊர் ஊராகப் போய் ஒரு நோயைத் தீர்த்துவிட்டு நடையைக் கட்டுகிறான், அதே எலும்புக்கூடுதான். ஒரு வேறுபாடு உண்டு, அது மதுரைக்குச் சாதகமானது. கின்கோ ஒவ்வொரு முறையும் புது ஊருக்குப் போகிறான். சொக்கனுக்கு அந்த வசதி இல்லை. ஒரே ஊரில் 64 முறை வந்தும் அலுக்காமல் இருக்க வேண்டுமானால், அந்த ஊரில் இதுவரை பார்க்காத ஒரு மனிதரை, ஒரு தொழிலை, ஒரு துயரத்தை ஒவ்வொரு முறையும் கண்டெடுத்தாக வேண்டும். புராணத்தின் செல்வம் இந்தக் கட்டாயத்திலிருந்துதான் வருகிறது.

கட்டுப்பாடு எப்படிக் கலையாகிறது என்பதற்கு வெள்ளியம்பலம் தனிச் சான்று. தில்லையிலும் பிற தலங்களிலும் ஆடல்வல்லான் தூக்குவது இடக்கால். இராசசேகர பாண்டியன் மற்றக் கலைகளையெல்லாம் கற்றுவிட்டுக் கடைசியாகப் பரதம் பயில்கிறான்; ஆடிப் பார்த்த பிறகுதான் ஊன்றிய காலின் வலி அவனுக்குத் தெரிகிறது. நாள் முழுதும் ஒரே காலில் நிற்கும் இறைவனிடம் காலை மாற்றச் சொல்லி வேண்டுகிறான். மீனாட்சி கோயிலின் நடராசர் வலக்காலைத் தூக்கி ஆடுகிறார். சிற்பி மாற்றியது ஒரேயொரு விதியை. மற்றத் திருமேனிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் அந்த மாற்றம் தைக்கும். நீண்ட தொடர்களில் நம்மை உலுக்குபவையும் இப்படிப்பட்ட இடங்களே: பழக்கத்தைப் பொறுமையாக உண்டாக்கி, சரியான நேரத்தில் ஓரிடத்தில் மட்டும் மீறுவது. முதல் எபிசோடிலேயே எல்லாவற்றையும் மீறும் தொடரால் இந்த அதிர்ச்சியைத் தர முடியாது.

படங்களாலான தொடர் என்று பார்த்தாலும் மதுரை பின்தங்கவில்லை. பொற்றாமரைக் குளத்தைச் சுற்றிய மண்டபத்தில் திருவிளையாடல்கள் வரிசையாகத் தீட்டப்பட்டன. குளத்தைச் சுற்றி வருபவர் நடக்க நடக்கக் கதை நகர்ந்தது. திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில் தூண் ஒன்றில் சித்தர் கல்யானைக்குக் கரும்பு ஊட்டுகிறார். இன்னொன்றில் தாயை இழந்த பன்றிக்குட்டிகளுக்கு இறைவன் தாயாகிப் பால் தருகிறார். சிற்பிக்கு ஒரு கதைக்கு ஒரே நிலைதான் கிடைக்கும். கதை முழுவதையும் நினைவூட்டக்கூடிய ஒரு கணத்தை அவர் தேர்ந்தாக வேண்டும். கல்யானையின் துதிக்கை கரும்பை நோக்கி நீளும் கணத்தில், கல் இன்னும் கல்லாகவும் இருக்கிறது, உயிராகவும் ஆகிவிட்டது. 1963 ஜனவரி 1ஆம் நாள் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘தெட்சுவான் ஆட்டம்’ தொடரை வாரந்தோறும் தர ஒசாமு தெசுகாவிடம் பணமும் இல்லை, கைகளும் இல்லை. படங்களைக் குறைத்தார், வரைந்ததையே மறுபடி பயன்படுத்தினார், அசையாத முகத்தில் வாயை மட்டும் அசைத்தார். ஜப்பானியத் தொலைக்காட்சி அனிமேயின் மொழி அந்தப் பற்றாக்குறையில் உருவானது. எந்தக் கணத்தை நிறுத்திக் காட்டினால் பார்ப்பவர் மிச்சத்தை மனத்தில் ஓட்டிக்கொள்வார் என்ற கணக்கு தெசுகாவுக்கும் புதுமண்டபத்துச் சிற்பிக்கும் பொது. ஆகவே ஓவிய நேர்த்தியை முதல் அளவுகோலாக வைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. படம் எவ்வளவு அசைகிறது என்பதைவிட எங்கே நிற்கிறது என்பது முக்கியம்.

ஒவ்வொரு தவணையும் தனித்து நிற்க வேண்டும் என்றேன். அதைச் சோதித்துப் பார்க்க மதுரை ஆண்டுதோறும் ஒரு பரீட்சை வைக்கிறது: ஆவணி மூலத் திருவிழா. நாளுக்கு ஒரு லீலை. கருங்குருவிக்கு உபதேசம், நாரைக்கு முக்தி, மாணிக்கம் விற்றது, தருமிக்குப் பொற்கிழி, உலவாக்கோட்டை, பாணனுக்காக அங்கம் வெட்டியது, வளையல் விற்றது, நரியைப் பரியாக்கியது, பிட்டுக்கு மண் சுமந்தது, விறகு விற்றது. பரஞ்சோதியாரின் வரிசையில் இவற்றின் எண்கள் 47, 48, 17, 52, 38, 27, 32, 59, 61, 41. முன்னும் பின்னுமாகக் கலைத்துப் போட்டிருக்கிறார்கள்; எந்தக் கதைக்கும் சேதம் இல்லை. அதே சமயம் நரி பரியும் மண் சுமப்பதும் அடுத்தடுத்த நாட்களில், நூலின் முறையிலேயே வருகின்றன. அவை இரண்டும் மாணிக்கவாசகராகிய அமைச்சர் திருவாதவூரரின் நீண்ட கதையின் பகுதிகள். முதல்நாள் குதிரைகள் நரிகளாக ஓடினால்தான் அமைச்சருக்குத் தண்டனை, தண்டனை இருந்தால்தான் வெள்ளம். விழாவை வகுத்தவர்கள் எதைக் கலைக்கலாம், எதைக் கலைக்கக் கூடாது என்று அறிந்திருந்தார்கள். எபிசோடு தொடருக்கும் நெடுங்கதைத் தொடருக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வாதாடுபவர்களுக்கு இந்தப் பத்து நாள் நிரல் போதுமான பதில்.

மறுப்புகள் உண்டு, வலுவானவையே. முதலாவது, ஒரே கதை திரும்பத் திரும்ப வருகிறது என்பது. அனிமே ரசிகர்கள் இதை ஃபில்லர் என்பார்கள். ‘நருட்டோ ஷிப்புடென்’ 500 எபிசோடுகள் ஓடியதில் இந்தப் புகார் ஓயவேயில்லை. திருவிளையாடலில் வற்றாத பொற்கிழி ஒரு படலத்தில் வருகிறது, வற்றாத நெற்கோட்டை இன்னொன்றில். மந்திரத்தால் விலங்குகளை ஏவி நகரை அழிக்கப் பார்க்கும் கதை யானை, பாம்பு, பசு என்று மூன்று முறை. சில படலங்கள் மெலிந்தவை என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனால் 30ஆம் படலத்தைப் பாருங்கள்: படை திரட்டக் கொடுத்த பணத்தைச் சேனாபதி சிவனடியாருக்குச் செலவிட்டுவிடுகிறான், இறைவனே படையாகி வந்து காட்டுகிறான், அத்தோடு கதை சுபம். 58ஆம் படலம் முதல் அதே விதை மறுபடி முளைக்கிறது. குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை வாதவூரர் கோயிலுக்குச் செலவிட்டுவிடுகிறார். இந்த முறை அற்புதம் நிற்கவில்லை. இரவில் பரிகள் நரிகளாகின்றன, அமைச்சர் சுடுமணலில் நிறுத்தப்படுகிறார், ஆறு உடைகிறது. முதல் முறை எளிதாகத் தப்பியதைப் பார்த்தவர்களுக்கே இரண்டாம் முறையின் வலி முழுதாக எட்டும். கூறியது கூறல் என்று தள்ளினால் இந்த வளர்ச்சி கண்ணில் படாது. விழா எடுத்தவர்களும் வற்றாத பொற்கிழியை விட்டுவிட்டு உலவாக்கோட்டையைத் தேர்ந்தார்கள். அரசனின் கருவூலத்தைவிட உழவனின் நெற்கோட்டை ஊருக்கு நெருக்கமானது.

முடிவு தெரிந்த கதையில் என்ன பரபரப்பு என்பது இரண்டாவது. தெரிந்ததால்தான் இந்தத் தொடர் பிழைத்தது. ஏ.பி. நாகராஜன் 1965இல் எடுத்த ‘திருவிளையாடல்’ படத்தில் தருமிக்குப் பாட்டு யார் தந்தார் என்பதைக் கண்டுபிடிக்க யாரும் அரங்குக்குப் போகவில்லை. நாகேஷின் தருமி பசியில் எப்படிப் புலம்புகிறான், டி.எஸ். பாலையாவின் ஹேமநாத பாகவதர் எந்தக் கணத்தில் செருக்கு உடைந்து நிற்கிறார் என்பதைப் பார்க்கத்தான் மறுபடி மறுபடி போனார்கள். திடுக்கிட வைக்கும் முடிவை நம்பி நிற்கும் தொடர் ஒருமுறை பார்த்ததும் தீர்ந்துவிடும்.

மூன்றாவது மறுப்பைத்தான் எளிதாகக் கடக்க முடியாது. 63ஆம் படலம் சமணர்களைக் கழுவேற்றியதைக் கொண்டாட்டமாகச் சொல்கிறது. அப்படியொரு சம்பவம் நடந்ததற்குச் சமகாலக் கல்வெட்டுச் சான்று கிடையாது. நம்பிக்கையாக அது நிலைத்துவிட்டது. இதைவிட நுட்பமாக வேலை செய்பவை மலைக் கதைகள். யானைமலையில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது, தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்கின்றன. அதன் அடிவாரத்தில் நரசிங்கத்தின் குடைவரையைப் பாண்டியன் நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி கி.பி. 770 வாக்கில் குடைவித்தார். கீழக்குயில்குடிச் சமணர்மலையிலும், மாங்குளத்துக் குகைகளிலும் துறவிகள் படுத்துறங்கிய கற்படுக்கைகள் உள்ளன. மாங்குளத்துக் கல்வெட்டுகள் கிறிஸ்துவுக்கு முற்பட்டவை. இவ்வளவு நீண்ட சமண வாழ்வு நடந்த குன்றுகளைத்தான் சமணர் ஏவிய விலங்குகளின் பிணங்கள் என்று தொடர் விளக்கியது. இடத்தை இவ்வளவு ஆழமாக உரிமையாக்கிக்கொள்ளும் ஆற்றலே அங்கே முன்பிருந்தவர்களை அழிக்கவும் பயன்பட்டது. நான் எதைத் தலைசிறந்த பண்பு என்று வாதிட்டேனோ, அதுவே இங்கே அநீதியின் கருவி. ஆகவே வாதத்தைக் கைவிட வேண்டுமா? வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். கலை ஆற்றலும் அறமும் எப்போதும் ஒரே கையில் இருப்பதில்லை. யானைமலையைப் பார்க்கும்போது 22ஆம் படலத்தோடு அங்குள்ள தீர்த்தங்கரரையும் பார்க்கக் கற்றுக்கொடுப்பது இன்றைய வாசகரின் கடமை, பள்ளிக்கூடத்தின் கடமை, வழிகாட்டிகளின் கடமை. அந்தப் பாறையில் இரண்டும் வெட்டவெளியில்தான் இருக்கின்றன.

இந்த இருட்டுக்கு இரண்டு படலங்கள் முன்னால்தான் மண் சுமந்த கதை இருக்கிறது. தொடரின் எல்லா இழைகளும் அங்கே வந்து கூடுகின்றன: எட்டாம் படலத்து ஆறு, முப்பதாம் படலத்து நம்பிக்கைத் துரோகக் குற்றச்சாட்டு, அத்தனை வேடங்களுக்கும் கீழான கடைசி வேடம். உதிர்ந்த பிட்டுக்குக் கூலியாக வந்தவன் வேலை செய்யாமல் ஆடிப் பாடித் தூங்குகிறான். அரசன் பிரம்பால் அடிக்கிறான். அந்த அடி அரசன், அரசி, அமைச்சர், குதிரை, யானை என்று எல்லா உயிர்மேலும் விழுகிறது. ஆவணி மூலத்தன்று வைகைக்கரைப் புட்டுத்தோப்பில் இது நடிக்கப்படும்போது மீனாட்சியும் சொக்கநாதரும் மட்டும் எழுந்தருளுவதில்லை. திருப்பரங்குன்றத்திலிருந்து முருகன் வருகிறார். எவருக்காக ஆறு உடைந்ததோ அந்த மாணிக்கவாசகர் தம் ஊரான திருவாதவூரிலிருந்து பல்லக்கில் மதுரைக்கு வருகிறார். பாத்திரங்கள் தத்தம் ஊர்களில் வசித்து, தங்கள் எபிசோடு வரும் நாளில் பயணம் செய்து வந்து சேர்கிறார்கள். வழியெங்கும் கிராமத்தார் மண்டகப்படி வைத்து அவர்களை நிறுத்தி அனுப்புகிறார்கள்.